பத்தரை மணிச் சோறு

என் அப்பா பத்து வருடம், தினமும் இரண்டு வேளை, நானூறு பேருக்குச் சமைத்தார். அந்த நானூறு பேரில் நான் இல்லை. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி வேறு எதைச் சொல்ல வந்தாலும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் சமைத்தது சிறைச்சாலையில். அங்கே அவர் சம்பளத்துக்குப் போகவில்லை, கைதியாகப் போனார். அதற்கு முன்னால் ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரர். அந்த விடுதியில் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டவன் நல்ல பருப்பை வெளியே விற்றுவிட்டுப் புழுத்த பருப்பை உள்ளே அனுப்புவான். அப்பா பல தடவை சொல்லிப் பார்த்தார். ஒரு நாள் காலையில் பருப்பைக் கழுவும்போது பூச்சி கூட்டமாக மேலே மிதக்க, அந்தப் பாத்திரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்துச் சத்தம் போட்டிருக்கிறார். வாய்ச் சண்டை கைகலப்பாகி, அப்பா ஒரு தள்ளு தள்ள, படியில் பின்மண்டை அடிபட்டு அவன் விழுந்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அவனுக்கும் குடும்பம் இருந்தது. அப்பா செய்தது சரி என்று நான் வாதாடியதில்லை, அவரும் வாதாடியதில்லை. ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டிருந்தாள். அப்பாவின் தங்கை, என் அத்தை, தன் ஒற்றை அறை வீட்டில் தையல் மிஷினைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு ஒரு மூலையைக் கொடுத்தாள். அத்தைக்கு ஊசி நூல் பேசும், அடுப்பு பேசாது. சோறு ஒரு நாள் குழையும், ஒரு நாள் விறைக்கும். அவளே முந்திக்கொண்டு சொல்வாள்: "எங்கண்ணன் முன்னாடியே பொறந்து வீட்டுல இருந்த கைமணம் மொத்தத்தையும் சுருட்டிக்கிட்டான்டி. எனக்கு மிஞ்சினது வாய்தான்."

மாதம் ஒரு முறை அப்பாவைப் பார்க்கப் போவோம். நடுவில் இரட்டைக் கம்பி வலை, கால் மணி நேரம். முதல் வருடம் முழுக்க அவர் பேசியது சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான். வழக்கு, வக்கீல் எதையும் பேச மாட்டார். காலையில் ஆறரைக்குக் கஞ்சி. பத்தரைக்குச் சோறு, பருப்பு, ஒரு காய். நாலரைக்கு மறுபடியும் அதே. நாலரைக்குச் சாப்பிட்டால் அடுத்த கஞ்சிக்குப் பதினாலு மணி நேரம் இருக்கிறது. சோற்றில் கல். பருப்பை ஊற்றினால் தட்டின் அடி தெரியும். காயைக் காம்போடும் தோலோடும் மண்ணோடும் வெட்டிப் போட்டு வேகவைத்திருப்பார்கள்.

"சாப்பாடு வர்றப்ப ஒருத்தரும் பேசமாட்டாங்கம்மா," என்பார். "எல்லாக் கண்ணும் கரண்டி மேலதான் இருக்கும். பக்கத்துத் தட்டுல ரெண்டு துண்டு காய் கூட விழுந்துட்டா அன்னிக்கு அடிதடி. ஒரு வெங்காயத்துக்கு ஒரு முழு சோப்பு குடுக்கறான் ஒருத்தன். குளிக்காம இருக்கேன், நாக்குக்கு என்னமாவது வேணும்ங்கறான். ஒருத்தன் உப்புப் பொட்டலத்தைத் தலைக்கு அடியில வச்சுத்தான் படுக்கறான்."

நாங்கள் வீட்டிலிருந்து எதுவும் கொண்டுபோகக் கூடாது. ஒரு தடவை அத்தை அவித்த முட்டை இரண்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். காவலர் கண்டுபிடித்து, எங்கள் முன்னாலேயே இரண்டையும் உடைத்துப் பார்த்துவிட்டு, குப்பையில் போட்டார். வெளியே வந்ததும் அத்தை, "அவன் தின்னிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்," என்றாள்.

இரண்டாம் வருடம் அப்பாவைச் சிறைச் சமையலறைக்கு மாற்றினார்கள். அதுவரை அங்கே சமைத்தவர்கள் எல்லாம் அடுப்பையே பார்த்திராத ஆட்கள், கையில் கிடைத்ததைக் கொதிக்கவிட்டு இறக்கியவர்கள். சமையலறைச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கும். ஒரு கைதிக்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எத்தனை நிமிடம் வேகவைப்பது என்று வரிசையாக எழுதியிருக்கும். அந்தப் பலகையில் உள்ளதற்கு மேல் ஒரு சொட்டு எண்ணெய் கூட அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதே சாமானை வைத்துக்கொண்டு அவர் என்னென்னமோ செய்தார். பருப்பை வேகப் போடுவதற்கு முன்னால் வெறும் அண்டாவில் வாசனை வரும்வரை வறுத்தார். அரிசியை மூன்று தண்ணீர் அலசி, கல்லை அடியில் நிறுத்தினார். பலகைப்படி எண்ணெயைத் தொடக்கத்திலேயே கொட்ட வேண்டும். அவர் பாதியை நிறுத்திவைத்து, கடைசிக் கால் மணி நேரத்தில் வெங்காயத்தை அதில் சிவக்க வறுத்து மேலே கொட்டினார். அந்த வாசனை மூன்று கட்டடம் தாண்டிப் போகுமாம். பத்தரை மணிக்கு மணி அடிப்பதற்கு முன்னாலேயே ஆட்கள் தட்டோடு வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள்.

அந்தச் சிறையில் ஒரு வழக்கம் இருந்தது. சமைத்து முடித்ததும், யாருக்கும் பரிமாறுவதற்கு முன்னால், ஒரு தட்டுச் சாப்பாடு சூப்பிரண்டின் மேஜைக்குப் போகும். அவர் ஒரு வாய் ருசி பார்த்து, 'உண்ணத் தகுந்தது' என்று ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். முன்னால் இருந்தவர்கள் அந்த ஒரு தட்டுக்காகத் தனியாக ஒரு குட்டிப் பானையில் சமைப்பார்களாம். அப்பா அந்தக் குட்டிப் பானையைக் கவிழ்த்துவைத்தார். பெரிய அண்டாவிலிருந்தே எடுத்து அனுப்பினார். ஒரு வாய் ருசி பார்த்துக்கொண்டிருந்த சூப்பிரண்டு, ஆறு மாதத்தில் தட்டைக் காலி செய்ய ஆரம்பித்தார். பிறகு வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு கொண்டுவருவதையே விட்டுவிட்டார்.

உள்ளே அப்பாவுக்குக் 'கரண்டி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். எனக்கு வயிறெரியும். பத்து பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பெருந்தன்மை எங்கிருந்து வரும்? திருடனும் கொள்ளைக்காரனும் என் அப்பா வறுத்த வெங்காயத்தைத் தின்ன, நான் அத்தையின் விறைத்த சோற்றைத் தின்கிறேனே என்று இருக்கும்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாரம் ஒரு கடிதம் வரும். அதை எழுதியவர் வாத்தியார். அவரும் ஆயுள் கைதி. வெளியே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர், உள்ளே எல்லாருக்கும் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுப்பவர். என்ன குற்றம் என்று அப்பா என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். அவர் எழுத்து அவ்வளவு அழகு. ஒவ்வொரு எழுத்தும் உருண்டையாக, ஒன்றோடு ஒன்று இடிக்காமல் இருக்கும். கொம்பு போடும் இடத்தில் மட்டும் அதன் வால் உள்பக்கமாக ஒரு சுழி சுழித்து நிற்கும். அந்தச் சுழியைப் பார்த்துப் பார்த்தே நான் என் கையெழுத்தைத் திருத்திக்கொண்டேன். கடிதத்தின் அடியில் அப்பாவின் கைநாட்டு. அதற்கும் கீழே சின்னதாக, 'இதை எழுதும் வாத்தியாரின் ஆசிகளும்' என்று இருக்கும்.

நான் அவரைப் பெரியப்பா என்றே நினைத்துக்கொண்டேன். பரீட்சை வந்தால் அப்பா பேச்சுக்கு நடுவே அவரே இரண்டு வரி எனக்குப் புத்தி சொல்லி எழுதுவார். பதினெட்டாம் வயதில் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சம்பளத்தில் அத்தைக்கு ஒரு புடவை, வாத்தியாருக்கு ஒரு பேனா வாங்கினேன். தடித்த முனை உள்ள நல்ல மைப்பேனா. பேனா அனுப்ப அனுமதி உண்டு. அடுத்த கடிதம் தடித்த கோடுகளில் வந்தது. 'உன் பேனாவில் எழுதும்போது என் கைக்கு இருபது வயது குறைந்துவிடுகிறது மகளே' என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எட்டு வருடம் நன்னடத்தையோடு கழித்தவர்களை முன்கூட்டியே விடலாமா என்று பார்க்க ஒரு குழு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை கூடும். அப்பாவின் மனுவை வாத்தியார்தான் எழுதினார், கல்லும் கரையும்படி எழுதினார். அதன் நகலை எங்களுக்கும் அனுப்பினார். அத்தை அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே, "இதைப் படிச்சுட்டும் விடலேன்னா அவனுங்க மனுஷனே இல்ல," என்றாள். மூலையில் இருந்த என் சாமான்களை ஒதுக்கி, அப்பாவுக்குப் பாய் போட இடம் பண்ணினாள்.

பதில் ஒரே வரியில் வந்தது: பரிந்துரைக்கப்படவில்லை. அடுத்த வருடமும் அதே வரி. அதற்கடுத்த வருடமும் அதே. அந்த மூன்று வருடத்தில், உள்ளே அடுத்தவன் மண்டையை உடைத்தவன், தப்பித்து ஓடப் பார்த்தவன் எல்லாம் வெளியே போனான். பதினோரு வருடத்தில் ஒரு கரும்புள்ளி வாங்காத அப்பா மட்டும் அண்டா கிளறிக்கொண்டிருந்தார். "நம்ம நேரம் அப்படி," என்பார். வாத்தியார் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆறுதல் எழுதுவார். மனம் தளராதே மகளே, அடுத்த முறை நிச்சயம் என்று.

எங்கள் கடைக்கு வரும் ஒரு வக்கீல் குமாஸ்தாதான் வழி சொன்னார். "சும்மா அழுதுட்டே இருந்தா எப்படி? ஃபைலோட நகல் கேட்டு ஒரு விண்ணப்பம் போடும்மா. ஏன் தள்ளினாங்கன்னு காரணம் அதுல இருக்கும்ல?" போட்டேன். நாற்பது நாள் கழித்து ஒரு தடித்த உறை கடைக்கே வந்தது. வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மிஷின் மூடியின் மேல் வைத்துப் பிரித்தேன்.

முதலில் சூப்பிரண்டின் குறிப்பு. 'இக்கைதியின் நடத்தை மிகச் சிறந்தது. எனினும் இவர் சமையலறைக்கு இன்றியமையாதவர். இவர் சென்றால் சிறையின் ஒழுங்கு கெடும். கைதிகளின் மனு இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே இவ்வருடம் பரிந்துரைக்க இயலவில்லை.' மதியம் தட்டைக் காலி செய்துவிட்டு அதே மேஜையில் இதை எழுதியிருப்பார். இவர் பெரிய அதிகாரி, எனக்கு யாரோ, கோபம் வந்தது, அவ்வளவுதான். பக்கத்தைத் திருப்பினேன்.

அடுத்த தாளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. ஒரு வார்த்தையைக்கூட வாசிக்கவில்லை, உருண்டை எழுத்தையும் கொம்பின் சுழியையும் பார்த்ததும், 'அட, அப்பா கடிதம்!' என்று மனசு துள்ளிவிட்டது. பிறகுதான் வாசித்தேன்.

'ஐயா, எங்களுக்கு இங்கே ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். கடிதம் வராதவர்கள் பாதிப்பேர். ஒரு நாளில் இரண்டே இரண்டு முறை, தட்டைக் கையில் வாங்கும்போது மட்டும், நாங்களும் மனிதர்கள் என்ற நினைப்பு வருகிறது. அதைத் தருவது ஒரு மனிதரின் கை. அந்தக் கையை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். அவருக்கு இங்கே குறையேதும் இல்லை. அவரை நாங்கள் தாயைப் போலப் பார்த்துக்கொள்கிறோம்.'

கீழே கையெழுத்தும் கைநாட்டுமாக முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

அப்படி மூன்று மனுக்கள், வருடத்துக்கு ஒன்று. முதல் மனுவில் கோடுகள் மெல்லியவை. மற்ற இரண்டும் தடித்த முனையில் எழுதப்பட்டவை. நாள் முழுக்க மற்றவர்கள் எழுத்தை நகலெடுப்பவள் நான், பேனா முனையின் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? நான் அனுப்பிய பேனா. மூன்றாவது மனுவின் தேதியைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து கடிதங்களைத் தேடினேன். அதே தேதியில் எனக்கு ஒரு கடிதம் இருந்தது. 'மனம் தளராதே மகளே, இந்த முறை நிச்சயம்.' ஒரே இருப்பில் இரண்டையும் எழுதியிருக்கிறார்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று பேச்சில் சொல்வோம். எனக்கு அன்று உண்மையாகவே கழுத்து வலித்தது. எட்டு வயதுச் சண்டைக்காரி மாதிரி அந்தக் கடிதங்களை எல்லாம் கிழிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் எப்படிக் கிழிப்பது? அதில் இருப்பது அப்பாவின் பேச்சு, வாத்தியாரின் எழுத்து. ஒன்றை விட்டு ஒன்றைக் கிழிக்க முடியாது. அத்தையிடம் சொன்னேன். எப்போதும் பேசும் அத்தை, மிஷினில் பாதி தைத்த துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "அந்த ஆளுக்காகவும் சேர்த்து நான் வேண்டிக்கிட்டேன்டி," என்றாள்.

அடுத்த சந்திப்பு நாளில் நகலைச் சுருட்டிக்கொண்டு போனேன். அப்பா வந்ததும் வராததுமாக, "வாத்தியாருக்கு இருமல், மருந்து குடுக்கச் சொல்லி டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன், கஞ்சியில மிளகு தட்டிப் போட்டுக் குடுத்தேன்," என்று ஆரம்பித்தார்.

"அப்பா, உங்களை விடாம இருக்கறதுக்கு ஒரு மனு போயிருக்கு. மூணு வருஷமா. எழுதினது வாத்தியார்."

"சும்மா எதையாவது பேசாத. வேற யாராவது எழுதியிருப்பாங்க. அவர் என் மனுவைக் கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு எழுதினாரும்மா, நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன்."

தாளை வலையோடு அழுத்திப் பிடித்தேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒன்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கை ஊர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டே வந்தார். கொம்பின் சுழியில் பார்வை நின்றது.

"என்ன எழுதியிருக்கு, படி."

படித்தேன். தட்டைக் கையில் வாங்கும்போது மனிதர்கள் என்ற நினைப்பு வருகிறது என்று படித்தபோது அவர் முகம் மலர்ந்தது. ஆமாம், மலர்ந்தது. பத்து வருடத்தில் யாரும் அவர் சமையலைப் பற்றி அவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. பாராட்டுக் கேட்கிற சின்னப் பிள்ளை மாதிரி நின்றார். 'அந்தக் கையை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்' என்று வந்ததும் அந்த மலர்ச்சி அப்படியே நின்று, பிறகு மெல்ல இறங்கிவிட்டது. தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் நான் மன்னிக்காமல் இருப்பது, அவரை அடைத்து வைத்ததற்காக மட்டும் இல்லை, அந்த முகத்துக்காகவும்தான்.

"எத்தனை பேரு?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"மீதி எண்பத்தெட்டுப் பேருக்கும் நான்தான் போட்டேன். அவங்க ஏன் கையெழுத்துப் போடல?" என்று கேட்டுவிட்டு, தானே, "ஆஸ்பத்திரி வார்டு. பத்தியச் சாப்பாடு," என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "இனிமே கேவலமா சமைங்கப்பா. வாயில வைக்க முடியாதபடி சமைங்க!"

"கெடுத்துச் சமைச்சா புகார் எழுதுவாங்க. கரும்புள்ளி விழும். இன்னும் மூணு வருஷம் தள்ளிடும்." காவலர் நேரம் முடிந்ததென்று கம்பியைத் தட்டினார். அப்பா போகத் திரும்பியவர், திரும்பி வந்து, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் கேட்பதுதான்.

இரண்டு வாரம் கடிதம் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்தது. அதே உருண்டை எழுத்து, அதே தடித்த முனை. முகவரியைப் பார்த்ததும் உறையைத் தூக்கி எறியத் தோன்றியது. அத்தை, "உங்கப்பனுக்கு வேற யாருடி எழுதிக் குடுப்பா? பிரி," என்றாள்.

'மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சொல்வதில் ஒரு வார்த்தையையும் மாற்றாமல், கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்று இதை எழுதுகிறவரிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் தொடங்குகிறேன். எழுதி முடித்ததும் வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பேன்.

'ஏன் எழுதினீர்கள் என்று அவரைக் கேட்டேன். அவர் சொன்ன பதிலையும் அவரையே எழுதச் சொல்கிறேன். "எனக்கு வெளியே யாரும் இல்லை. காலையில் கண் விழித்தால் எனக்கு இருப்பது பத்தரை மணிச் சோறு ஒன்றுதான். நீ போய்விட்டால் நான் எதற்காக எழுந்திருப்பேன் என்று பயந்துவிட்டேன்." இதுதான் அவர் சொன்னது. எனக்கு வெளியே ஒரு மகள் இருப்பது அவருக்குத் தெரியும். அவளுக்கு எழுதிய கையே அவர் கைதான்.

'ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பருப்பை எப்படி வறுப்பது, எண்ணெயை எப்போது ஊற்றுவது என்று இரண்டு ஆட்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அதில் ஒரு வித்தையும் இல்லை. யாரும் கேட்கவில்லை. கையெழுத்துதான் போட்டார்கள்.

'போன திங்கட்கிழமையிலிருந்து சுவரில் இருக்கும் பலகைப்படி சமைக்கிறேன். பலகையை ஒருவரை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டேன். எண்ணெய் முழுவதையும் தொடக்கத்திலேயே ஊற்றுகிறேன். தண்ணீர் சொன்ன அளவு. வேகவைப்பது சொன்ன நிமிடம். வறுப்பது பலகையில் இல்லை, அதனால் வறுப்பதில்லை. அரிசியை ஒரு முறை கழுவச் சொல்லியிருக்கிறது, ஒரு முறைதான் கழுவுகிறேன். முதல் நாள் யாரும் பேசவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் தட்டைத் தட்டினார்கள். சூப்பிரண்டு ஒரு வாய் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, என்னய்யா ஆச்சு என்றார். பலகையில் இருக்கிறபடி போட்டேன் ஐயா, குறை இருந்தால் எழுதுங்கள் என்றேன். அவர் பலகையைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். மறுநாளிலிருந்து வீட்டுச் சாப்பாடு கொண்டுவருகிறார்.

'கையில் எண்ணெய் இருக்க, அதை வீணாக்குவது பாவம். என் தட்டிலும் அதேதான் விழுகிறது, அதையேதான் தின்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.'

கீழே அப்பாவின் கைநாட்டு. ஒன்பது வருடமாக ஆசிகள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. ஒரு வார்த்தையும் மாற்றாமல்தான் எழுதியிருந்தார் அந்த மனிதர். 'பயந்துவிட்டேன்' என்ற இடத்தில் மட்டும் மை ஊறிப் பரவியிருந்தது. பேனா அங்கே ரொம்ப நேரம் நின்றிருக்க வேண்டும். அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று அத்தை சொன்னாள். இன்னும் வரவில்லை.

எட்டு மாதம் அப்படியே சமைத்தார். அடுத்த குழு கூடியபோது சிறையிலிருந்து மனு எதுவும் போகவில்லை. சூப்பிரண்டின் குறிப்பில், நகலை நான் பிறகு வாங்கிப் பார்த்தேன், 'இவருக்குப் பதில் வேறு நபரைச் சமையலறைக்கு நியமிப்பதில் ஆட்சேபணை இல்லை' என்றிருந்தது. நன்னடத்தை அப்போதும் மிகச் சிறந்தது. ஒரு காலைப் பொழுதில், கையில் ஒரு துணிப்பையோடு அப்பா வெளியே வந்தார். வழியனுப்ப ஒருவரும் வரவில்லையாம். "சமையல் மோசமாயிடுச்சுன்னு கோபம்," என்றார். கிண்டலாகத்தான் சொன்னார், ஆனால் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பத்து நாள் அவர் அடுப்புப் பக்கமே போகவில்லை. அத்தையின் சோற்றைத் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். நான் பதினோரு வருடமாக மனசுக்குள் சமைத்து வைத்திருந்த ஒரு சாப்பாடு இருந்தது. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதினோராவது நாள் அத்தைதான் கரண்டியை நீட்டினாள். "ஊருக்கெல்லாம் பண்ணிப் போட்டே. பெத்த பொண்ணுக்கு ஒரு நாள் பண்ணேன். எனக்கும் இந்தக் கொடுமையிலிருந்து விடுதலை குடு."

செய்தார். சோறும் பருப்பும் ஒரு காயும். ஒரு வாய் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பலகைச் சாப்பாடு. குற்றம் சொல்ல முடியாத, உப்புச் சப்பில்லாத சாப்பாடு. அத்தை என்னைப் பார்த்தாள், நான் தட்டைப் பார்த்தேன்.

"என்னப்பா இது?"

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். "நல்லா பண்ணினா விடமாட்டாங்கம்மா," என்றார். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவரே திடுக்கிட்டார். பிறகு எழுந்து வெளியே போய் வாசலில் நின்றார். நான் அந்தத் தட்டை முழுவதும் சாப்பிட்டு முடித்தேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன் என்று சொன்னால் நாடகம் மாதிரி இருக்கும், ஆனால் அப்படித்தான் சாப்பிட்டேன்.

மாதங்கள் போயின. ஒரு கல்லூரி கேன்டீனில் காய் நறுக்கும் வேலைக்குப் போனார். சமைக்கச் சொல்லிக் கேட்டார்கள், முடியாது என்றுவிட்டார். அந்தப் பேனாவில் எழுதிய கடிதம் இரண்டு வந்தது. நான் பிரிக்கவில்லை, அப்பாவும் பிரிக்கச் சொல்லவில்லை.

போன வாரம், எனக்கு விடுமுறை நாள். காலையில் ஏதோ வாசனைக்குக் கண் விழித்தேன். வெறும் பாத்திரத்தில் பருப்பு வறுபடும் வாசனை. அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பின் முன் நின்றிருந்தார். ஒரு கிண்ணத்தில் எண்ணெய் பாதி தனியாக நின்றது. அத்தை வாய் மேல் விரலை வைத்து என்னைப் பேசாதே என்றாள். கடைசிக் கால் மணி நேரத்தில் வெங்காயம் எண்ணெயில் விழுந்த சத்தம் கேட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்கு மேல் ஒரு நாள் கூட இல்லை.

தட்டை என் முன்னால் வைத்தார். எதிரே உட்கார்ந்தார். அவர் பார்வை என் முகத்தில் இல்லை, என் கையில் இருந்தது. ஒரு வாய் வைத்தேன். அந்த ஆட்கள் ஏன் கையெழுத்துப் போட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததும் அவர்கள் மேல் கோபம் இன்னும் அதிகமாயிற்று. இதையா பத்து வருடம் என்னிடமிருந்து பிடுங்கித் தின்றார்கள்? நாக்கு நுனி வரைக்கும் 'ரொம்ப நல்லா இருக்குப்பா' என்ற வார்த்தை வந்தது. வீட்டுக்கு வீடு எந்த மகளும் யோசிக்காமல் சொல்லும் வார்த்தைதான். அதை மனுவில் அழகாக எழுதி, முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கைநாட்டு வைத்து, அவரைப் பூட்டி வைத்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார். துண்டைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பரவாயில்லப்பா," என்றேன்.

துண்டு தளர்ந்தது. "அப்ப சரி," என்றார். நான் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டேன்.